ஆடிக்குப் போன வீட்டுப் பத்திரம்

விழுப்புரம் மாவட்டத் தலைநகரம் ஆன வருடம், தொண்ணூற்று மூன்றில், ஊருக்கே பித்துப் பிடித்தது. கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது, எஸ்.பி. ஆபீஸ் வரப்போகிறது என்று, அதுவரை பஸ் ஸ்டாண்டில் பீடி வலித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மனை புரோக்கர் ஆகிவிட்டான். கோலியனூர் போகிற வழியில், முந்தின போகம் வரை மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த கொல்லையில் சுண்ணாம்புக் கோடு கிழித்துக் கல் நட்டார்கள். கலர் கொடி கட்டி, அதற்கு 'நகர்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். நகராம்! சாயங்காலம் ஆனால் நாய்கூட அந்தப் பக்கம் தனியாகப் போகாது.

அந்த நகரில்தான் நாங்களும் ஒரு மனை வாங்கினோம். நான் திண்டிவனத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் விழுப்புரத்திலேயே வேறொரு அலுவலகத்தில் கிளார்க். அப்போது பெண் கைக்குழந்தை. குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரியம்மா, குழந்தையின் மூத்திரத் துணி அலச நான் எத்தனை குடம் தண்ணீர் எடுக்கிறேன் என்று ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணுவதோடு விட்டால் பரவாயில்லை, தெருவில் சொல்லியும் வைப்பார். அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லத்தான் நான் வீடு கட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மனைக்குப் பணம் என் நகை. அதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. ஆனால் பத்திரம் அவர் பெயரில் பதிவானது. என் பெயரையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். அன்றைக்கு வளவனூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். கரும்புக் கொல்லை வைத்திருப்பவர், குடும்பத்தில் மூத்தவர், அவர் தும்மினால்கூட என் வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். நான் கேட்டதும் மூத்தவர் சிரித்தார். "இன்னாம்மா நீ, பொம்பள பேர்ல பத்திரம் போடறதுக்கு இவன் இன்னா வூட்டோட மாப்பிள்ளையா?" என்றார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அண்ணன் சிரித்தால் சிரிப்பு தானாக வரும்.

மனை வாங்கி மூன்று வருடம் கழித்து, வீடு கட்ட பேங்க்கில் பதினைந்து வருடக் கடன் வாங்கினோம். பத்திரத்தை அடமானமாக வைத்துக்கொண்டார்கள். கடனுக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், தவணை மட்டும் என் சம்பளத்தில் பிடித்தமானது. அவருடைய சம்பளம் வீட்டுச் செலவுக்கு என்று பேச்சு. அந்த வீட்டுச் செலவில் வளவனூர் வீட்டுச் செலவும் அடக்கம் என்று அவர் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் வருடம் முடிந்ததும் பாக்கி எவ்வளவு என்று கேட்கப் போனேன். கட்டினதில் முக்கால்வாசி வட்டிக்கே போயிருந்தது, அசல் அசையவே இல்லை. கவுண்டரில் இருந்தவர் அதைப் பெரிய சாதனை மாதிரி சொன்னார். "ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும். நீங்க பாட்டுக்கு கட்டிக்கினு இருங்க, அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்." ஓடுமாம். இவர் அப்பன் வீட்டுக் குதிரையா ஓடுவதற்கு? அன்றைக்குத் திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். பெண் ஹைஸ்கூலுக்குப் போவதற்குள் இந்தக் கடனை அடைத்துப் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கப்புறம் என் சம்பளம் பிள்ளைகளின் படிப்புக்கு. வேறு எதற்கும் இல்லை.

அதற்குள் பையனும் பிறந்துவிட்டான். கைக்குழந்தையும் கடனுமாக ஒரு பெண் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் தினமும் போய் வருவது என்னவென்று எனக்குத் தெரியும், அந்த பஸ் கண்டக்டருக்குத் தெரியும். காலையில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். டி.ஏ. அரியர் வந்தால் பேங்க். பொங்கல் போனஸ் வந்தால் பேங்க். லீவைச் சரண்டர் செய்தால் அந்தப் பணமும் பேங்க். தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துணி எடுத்துவிட்டு மீதியை அப்படியே கொண்டுபோய்க் கட்டுவேன். எனக்குப் புடவை கிடையாது. அவர் ஒருமுறை பெரிய மனது பண்ணி, "நீயும் ஒண்ணு எடுத்துக்கயேன்" என்றார். யார் பணத்தில் யாருக்குத் தாராளம் பாருங்கள்.

தெருவில் எல்லார் வீட்டிலும் கலர் டி.வி. வந்தது. தவணையில் வாங்கிய டி.வி.க்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். எங்கள் வீட்டில் சுவருக்குப் பூச்சே ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரி, "ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்க, பசங்கள இப்படி வெச்சிக்கினு இருக்கீங்களே" என்று என் காதுபடவே பேசுவாள். அவள் புருஷன் ஆபீஸ் சொசைட்டியில் வாங்கிய கடனுக்கு என் வீட்டுக்காரர்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பது அவளுக்கு ஞாபகம் இருக்காது. பிள்ளைகள் எது கேட்டாலும் "லோன் முடியட்டும்" என்பேன். ஸ்கெட்ச் பென் லோன் முடிந்ததும். பாண்டிச்சேரி பீச் லோன் முடிந்ததும். லோன் என்பது யாரோ ஒரு ஆள், எங்கள் வீட்டுச் சோற்றையெல்லாம் அவன்தான் தின்றுகொண்டிருக்கிறான் என்று என் பையன் நினைத்துக்கொண்டான். "லோன் எப்பம்மா சாவும்?" என்று ஒருநாள் கேட்டான். சீக்கிரம் சாவும்டா கண்ணு என்றேன்.

செத்தது. பதினைந்து வருடக் கடனை ஏழாவது வருடத்திலேயே அடைத்தேன். ஒரு பெரிய அரியர் தொகை கைக்கு வந்தது, அதோடு மீதி மொத்தமும் முடிந்தது. அது ஆடி மாதம். மாதம் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? ஒரு நாள் தள்ளினால் ஒரு நாள் வட்டி. லீவு போட்டு அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பணத்தைக் கட்டினேன். பேங்க்கில் பத்திரத்தை எடுத்துக் கையில் கொடுத்தபோது அதை விரித்துக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது, பேங்க் வாசலில் அழுதால் கடன் கிடைக்காமல் அழுகிறாள் என்று நினைப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். எதிரே எஸ்.டி.டி. பூத். "அண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறன்" என்றார். சொன்னார். போன் பேசிவிட்டு வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஆடி மாசத்துல பத்திரம் வூட்டுக்குள்ள வரக்கூடாதாம்."

"யார் சொன்னது?"

"அண்ணன் சொல்றாரு. ஆடியில வந்த சொத்து நெலைக்காதாம். ஆவணி பொறந்ததும், கொலசாமி கோயில்ல வெச்சி, அவரு கையால எடுத்துக் குடுக்கிறாராம். அதுவரைக்கும் அவரு வூட்ல இருக்கட்டும்னாரு. ஜல்தியா வர்றேன், அங்கியே இருங்கன்றாரு."

பத்திரம் ஏற்கெனவே எங்களுடையது, புதிதாக வாங்கிய சொத்து இல்லை என்றேன். ஆடியில் வந்தால் நிலைக்காது என்றால் மூத்தவர் வீட்டில் மட்டும் எப்படி நிலைக்கும் என்று கேட்டேன். நடுரோட்டில், கையில் பத்திரத்தோடு, கத்தியே கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் கேள்விக்குப் பதில் தேடவில்லை, தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று தேடினார். "பெரியவங்க ஒண்ணு சொன்னா எதுத்துப் பேசாத. புள்ளைங்க இருக்கிற வூடு" என்றார். பிள்ளைகளைச் சொன்னால் எந்தத் தாய்க்கும் வாய் அடைத்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. எனக்கும் அடைத்துவிட்டது. மூத்தவர் மோட்டார் பைக்கில் பறந்து வந்தார். மஞ்சள் பை ஒன்று கொண்டுவந்திருந்தார், ஓரத்தில் குங்குமம்கூட வைத்திருந்தார். எவ்வளவு பக்தி! புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். எங்கள் குடும்பத்தில் பத்திரத்தை ஆடிக்கு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

ஆவணி பிறந்தது. வளர்பிறை வரட்டும் என்றார். வளர்பிறை வந்தது, அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. புரட்டாசியில் யாராவது நல்ல காரியம் செய்வார்களா? ஐப்பசியில் மழை, கோயிலுக்குப் போகிற பாதையில் தண்ணீர். கார்த்திகையில் கரும்பு வெட்டு, ஆள் கிடைக்கவில்லை. மார்கழி பீடை மாதம். எல்லா மாதத்துக்கும் ஒரு குறை கண்டுபிடித்தார் மனிதர். வருடத்தில் பன்னிரண்டு மாதம்தான் என்பதால் ஒருநாள் தை வந்துதான் தீரவேண்டும் என்று நான் பொறுத்திருந்தேன். பெண் ஆறாம் வகுப்புக்குப் போகிற வருடம். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் பணம் தனியாக எடுத்துவைத்திருந்தேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் வளவனூருக்கு பஸ் ஏறினேன். மூத்தவர் வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. செகண்ட் ஹேண்ட். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டியிருந்தார்கள். சக்கரம் ஒன்று கழற்றி ஓரமாகக் கிடந்தது. கரும்பு லோடு அடிக்க மாட்டுவண்டிக்கு வாடகை கொடுக்கவே மூக்கால் அழுகிறவர், லாரிக்குப் பணம் எங்கிருந்து எடுத்தார்?

மூத்தவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அக்கா, அவருடைய மனைவி, காபி கொண்டுவந்து வைத்தாள். நான் காபியைத் தொடவில்லை.

"மாமா, பத்திரத்த எடுத்துக் குடுங்க. நான் கொண்டு போறேன்."

"இன்னாம்மா அவசரம்? இங்கதான் இருக்குது."

"இங்கன்னா எங்க மாமா? பீரோவுலயா?"

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூத்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"கண்டாச்சிபுரத்துல நம்ப பைனான்ஸ்காரர்கிட்ட இருக்குது. எங்கியும் போயிடல. லாரிக்கு அவசரமா தேவைப்பட்டுது. பத்திரம் சும்மாதான இருந்துது? சும்மா இருக்கிற பேப்பருக்கு ஒரு வேல குடுத்தன், அவ்ளோதான்."

சும்மா! என் டி.ஏ., என் போனஸ், என் பிள்ளைகள் கேட்டுக் கிடைக்காத ஸ்கெட்ச் பென், ஏழு வருடம் நான் கட்டாத புதுப்புடவை, எல்லாம் சேர்ந்து இந்த மனிதர் வாயில் சும்மா ஆகிவிட்டது. நான் கத்தினேன். திருட்டு என்றேன். போலீஸ் என்றேன். மூத்தவர் அசையவில்லை, நிதானமாக மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திருட்டா? உன் வூட்டுக்காரன்தான் பொரட்டாசியிலயே வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனான். அவன் பேர்ல இருக்கிற வூடு. அவன் இன்னா சின்னப் புள்ளையா? நீ அவனப் போய்க் கேளும்மா."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே என்ன இருந்தது என்று தெரியாது. புரட்டாசியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அதற்கப்புறம் ஐப்பசி மழையை என்னிடம் சொன்னது யார்? கார்த்திகை கரும்பு வெட்டை வந்து சொன்னது யார்? இந்த மனிதர்தானே. என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே சொன்னாரே!

வீட்டில் அவர் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்லிவிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. அதுகூட அவருக்கு வராது.

"அண்ணன் கேட்டாரு. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்றது. என்கிட்ட தெனமும் சொல்றீங்களே, அதே வாயிதான்."

"லாரி ஓடனா மூணே மாசத்துல திருப்பிடலாம்னாரு."

"ஓடுதா?"

வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார். லாரி கண்டாச்சிபுரத்திலிருந்து வளவனூர் வரைகூட ஒழுங்காக ஓடவில்லை என்று அப்புறம் தெரிந்தது. வட்டி நூற்றுக்கு மூன்று ரூபாய், மாதத்துக்கு. முதல் மாதம் தவிர அதையும் கட்டவில்லை. பேங்க் வட்டி அதிகம் என்று நாக்குத் தள்ளக் கட்டி முடித்த வீட்டை, அதைவிட எத்தனையோ மடங்கு வட்டிக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் அண்ணனும் தம்பியும். இன்னும் கொஞ்ச நாள் போனால் வீட்டையே எழுதிக் கொடு என்று பைனான்ஸ்காரர் வந்து நிற்பார். பேஜாரான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன் என்று என் அம்மாவிடம்கூடச் சொல்ல முடியவில்லை. சொன்னால், அன்றைக்கே பத்திரத்தில் பெயர் போடச் சொல்லியிருக்கலாமே என்பாள். கேட்டேனே அம்மா, சிரித்தார்களே என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பத்திரத்தை மீட்க பி.எஃப்பில் அட்வான்ஸ் போட்டேன். பெண்ணின் பள்ளிக்கூடப் பணத்தையும் அதோடு சேர்த்தேன். அவள் பழைய பள்ளியிலேயே ஆறாம் வகுப்பு படித்தாள். ஏன் என்று கேட்டாள். லோன் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் பெரியப்பா என்று சொல்லிவிட்டேன். குழந்தையிடம் அப்படிச் சொல்லலாமா என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். வேறு எப்படிச் சொல்வதாம்?

கண்டாச்சிபுரத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வியாபாரிகள் கூடுகிற தெருவில் மாடியில் பைனான்ஸ்காரர் அலுவலகம். அங்கே எனக்குக் கிடைத்த மரியாதை இந்த ஜென்மத்தில் என் புகுந்த வீட்டில் கிடைத்ததில்லை. மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார், கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். பணத்தை எண்ணினார். பத்திரத்தையும், என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட புரோநோட்டையும் என் எதிரிலேயே எடுத்து, நோட்டைக் கிழித்துப் போட்டார். "சரி பார்த்துக்குங்கம்மா" என்று பத்திரத்தை என்னிடம் நீட்டினார். வட்டிக்காரர் அவர். அவருக்கு ஆடி இல்லை, வளர்பிறை இல்லை, பணம் வந்தால் பேப்பர் திரும்பும். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

கீழே வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை உதைத்தார். "வூட்டுக்குப் போயிடலாம். இனிமே அண்ணன் கேட்டா..." என்று இழுத்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன், முடிக்கவில்லை.

"வூட்டுக்கு வேணாம். பேங்க்குக்கு வுடுங்க" என்றேன்.

பழைய பேங்க்தான். புதிய மேனேஜர். அதே பத்திரத்தின் மேல் கடன் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். பி.எஃப். பணத்தை ஈடுகட்ட என்றேன், அது உண்மைதான். இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் ஒழிய பத்திரத்தை வெளியே கொடுக்கக்கூடாது, சரியா சார் என்று கேட்டேன். "அதாம்மா ரூலே" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வார்த்தையை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. "ஏழே வருஷத்துல அடிச்சிப்பிடிச்சி அடைச்சிட்டு, இப்ப நீங்களே கொண்டாந்து வெக்கிறீங்களே" என்று அவர் பழைய கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

லாக்கர் எடுத்திருக்கலாமே என்று ஆபீஸில் ஒரு புத்திசாலி கேட்டாள். லாக்கருக்குச் சாவி உண்டு. சாவி வீட்டில் இருக்கும். வீட்டில் அவர் இருக்கிறார். பத்திரத்தை உன் பெயருக்கு மாற்றி எழுதி வாங்கு என்றாள் இன்னொருத்தி. கேட்டேன். கிட்னியைக் கேட்டதுபோல் வளவனூரிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பி வந்தது. அதற்குக் கடனே தேவலாம் என்று விட்டுவிட்டேன். அடைகிற நிலைமைக்கு வரும்போதெல்லாம் மேலே கொஞ்சம் வாங்கிவிடுவேன். பெண்ணின் காலேஜுக்கு ஒருமுறை, பையனுக்கு ஒருமுறை, மாடி கட்ட ஒருமுறை. கடைசியில் தேவையே இல்லாமல்கூட ஒருமுறை வாங்கினேன். மாதாமாதம் வட்டி கட்டினேன். ஊரில் எல்லோரும் கடனை அடைக்கத் தவித்தார்கள். நான் அடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். மூத்தவர் இடையில் இரண்டு மூன்று முறை வந்து, பத்திரம் எங்கே என்று கேட்டுப் பார்த்தார். "பேங்க்குல இருக்குது மாமா, லோன் ஓடிக்கினு இருக்குது" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டிலோ பத்தொன்பதிலோ என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். மொத்தமாகப் பணம் வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, பையன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒருநாள் காலை டிபன் முடிந்ததும் பாஸ்புக்கோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மிச்சம் கொஞ்சந்தான் இருக்குது. கட்டிட்டுப் பத்திரத்த வாங்கிடலாம். கையெழுத்துக்கு நீயும் வா."

"வேணாம்."

"இன்னும் இன்னாத்துக்கு வட்டி கட்டிக்கினு? அண்ணன் படுத்த படுக்கையா இருக்காரு. அவரு எழுந்து வந்து இன்னா கேக்கப் போறாரு?"

"அவரு பசங்க ரெண்டு பேரு இருக்காங்களே. பெரியவன் ஜே.சி.பி. வாங்கப் போறானாம்."

அவர் பாஸ்புக்கை மூடினார். திறந்தார்.

"அவங்க வந்து கேட்டா நான் எடுத்துக் குடுத்துடுவன்னு நெனக்கிறியா?"

"நீங்களே சொல்லுங்க. குடுக்க மாட்டீங்களா?"

குக்கர் அடுப்பில் இருந்தது. நான் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். பொய் சொல்லத் தெரிந்த மனிதர். அன்றைக்கு ஏனோ சொல்லவில்லை.

"இந்த மாச வட்டி கட்டியாச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போனார்.